எஞ்சின் ஆடினால் குடும்பமும் ஆடும்

(தோட்டத்தில் வாகனம் வைத்திருக்கும் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டங்களில் பிள்ளைமடுவம், குடிதண்ணீர், போசாக்கு, சேமிப்பு என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் கார் எஞ்சினைப் பற்றிப் பேச்சு என்றதும் சிலர் சிரித்தீர்கள். நலன்புரிக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு அக்கா கேட்டும் விட்டார். சம்பந்தம் இருக்குதுங்க.

இன்றைக்கு நமது லயங்களில் எத்தனை வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்க. ஒரு வீட்டில் ஆட்டோ, ஒரு வீட்டில் பழைய மாருதி, இன்னொரு வீட்டில் வேன். பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றுவதும் அதுதான், மரக்கறியைக் கண்டிக்கு இறக்குவதும் அதுதான். ராத்திரியில் ஒரு தாய்க்கு வலி எடுத்தால் பேராதனைக்கோ கண்டிக்கோ ஓடுவதும் பல நேரம் அதுதான். வண்டி ஒரு வாரம் கராஜில் கிடந்தால் வருமானம் நிற்கும். லீசிங் தவணை நிற்காது.

இன்னொன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. நடுவில் ஐந்து வருசம் பழைய வண்டியையே எல்லோரும் ஓட்டினோம். விலையும் ஏறிப்போச்சு. ஆகவே கையில் இருக்கிற பழைய வண்டியைப் பார்த்துக்கொள்வது ஒரு குடும்பத் தேவை.

நாங்கள் மெக்கானிக் இல்லை. கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பக்கத்து பாஸ்மாரிடம் கேட்டும், வண்டிகளோடு வருகிற கையேடுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். விசயம் ஒன்றே ஒன்று: வண்டி நிற்கும்போது எஞ்சின் உதறினால், அந்த உதறல் நோய் இல்லை, நோயின் அறிகுறி. காய்ச்சல் மாதிரி. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் கண்ட மாத்திரையும் போடக் கூடாது. அதே மாதிரி, காரணம் கண்டுபிடிக்காமல் சாமான் மாற்றக் கூடாது.

உதறல் எப்படி வருகிறது

கியர் போடாமல், அக்சிலேட்டரில் கால் வைக்காமல், நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடுவதைத்தான் ஐட்லிங் என்கிறோம். அநேகமான கார்களில் அப்போது எஞ்சின் நிமிசத்துக்கு 700 முதல் 900 தடவை சுற்றும்.

எஞ்சினுக்குள் இருக்கிற சிலிண்டர்தான் வேலை செய்கிற ஆள். ஆட்டோவுக்கு ஒரு ஆள். டாட்டா நானோவுக்கு இரண்டு பேர். மாருதி 800, ஆல்டோ மாதிரி வண்டிக்கு மூன்று பேர். கொரோலா மாதிரிக் காருக்கு நான்கு பேர். மூணு பேர் சேர்ந்து ஒரு மரக்கட்டையைத் தோளில் தூக்கிக்கிட்டு மலை ஏறுறாங்கன்னு வையுங்க. நடுவில் ஒருத்தர் தோளை எடுத்துட்டா என்ன ஆகும்? கட்டை சரியும், மற்ற இரண்டு பேரும் தள்ளாடுவாங்க. மூணு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் அதுதான் நடக்கிறது.

கணக்காகச் சொன்னால், எஞ்சின் நிமிசத்துக்கு 800 தடவை சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் 400 தடவை வெடிக்கும். மூன்றுக்கும் 1200. ஒன்று படுத்துவிட்டால் ஒவ்வொரு மூன்றாவது அடியும் விழாது. வேகமாக ஓடும்போது அந்த இடைவெளி தெரியாது. மெதுவாகச் சுற்றும்போதுதான் உடம்பெல்லாம் குலுங்கும். அதனால்தான் கோளாறு முதலில் ஐட்லிங்கில் தலைகாட்டுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூன்று சிலிண்டர் வண்டி, நான்கு சிலிண்டர் வண்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாக நடுங்குவது இயற்கை. வாங்கிய நாளில் இருந்த அதே நடுக்கம் இன்றைக்கும் இருந்தால் அதற்கு வைத்தியம் தேடிக் காசைக் கொட்டாதீங்க. புதிதாக வந்த நடுக்கம், நாளுக்கு நாள் கூடுகிற நடுக்கம், இதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதல் கேள்வி: ஆடுவது எது?

வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஓட விட்டுக் கேளுங்க. எஞ்சின் சத்தம் ஒரே சீராக இருக்கிறதா? அப்படி இருந்தும் சீட்டும் ஸ்டியரிங்கும் நடுங்குகிறதா? அப்படியானால் எஞ்சினில் குறை இல்லாமல் இருக்கலாம். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட் வெடித்திருக்கும், அல்லது எண்ணெய் பட்டு ஊறிப்போயிருக்கும். மெத்தை போனால் எஞ்சினின் சாதாரண நடுக்கமே நேராக உடம்புக்கு வந்துவிடும். ஆளை வைத்து மெதுவாக அக்சிலேட்டரை அமர்த்திப் பார்த்தால் எஞ்சின் துள்ளுவது தெரியும்.

சத்தமே சீர் இல்லாமல் இருந்தால் அது எஞ்சினுக்குள் இருக்கிற கோளாறு. நின்றால் சரி, ஓடும்போது மட்டும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் ஆடுகிறது என்றால் அது வீல் பக்கத்து விசயம். மூன்றையும் குழப்பிக்கொண்டு கராஜுக்குப் போனால் பாஸும் குழம்புவார், உங்கள் காசும் போகும்.

இரண்டாவது கேள்வி: தாளம் எப்படி?

தப்பு அடிக்கிறவங்க நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறீங்க. உங்களுக்குத் தாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. சைலன்சர் வாய்க்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடதாசியைப் பிடியுங்க. நல்ல எஞ்சின் என்றால் கடதாசி சீராக அடிபடும். ஒழுங்கான இடைவெளியில் ஒரு அடி விடுபட்டால், ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் படுத்திருக்கிறது என்று அர்த்தம். பிளக், கொயில், பிளக் வயர், இன்ஜெக்டர், வால்வு, இவற்றில் ஒன்று.

ஒழுங்கே இல்லாமல் எஞ்சின் ஏறி இறங்கி, மூச்சு வாங்குகிற மாதிரி ஓடினால் கதை வேறு. எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்று பிழை. காற்று திருட்டு வழியாக உள்ளே போகலாம், திரொட்டில் கரி பிடித்திருக்கலாம், எயார் பில்டரோ பெற்றோல் பில்டரோ அடைத்திருக்கலாம்.

எப்போது உதறுகிறது என்பதும் முக்கியம். பனி மூட்டமான காலையில் மட்டும் உதறி, சூடானதும் சரியானால் ஈரத்தைச் சந்தேகியுங்க. பிளக் வயர் உள்ள பழைய வண்டியில் இருட்டு நேரத்தில் எஞ்சினை ஓடவிட்டு, தள்ளி நின்று பொனட்டுக்குள் பாருங்க. வயர் வெடித்திருந்தால் நீலப் பொறி பறப்பது கண்ணுக்குத் தெரியும். கை வைக்க வேண்டாம், சொக் அடிக்கும்.

பிளக் சொல்லும் சேதி

பிளக்கைக் கழற்றினால் அதன் முனையே பாதி வைத்தியம் சொல்லிவிடும். இளம் மண்ணிறம் என்றால் நல்ல சுகம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூடுதல், காற்றுக் குறைவு. பெற்றோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை. பிசுபிசு என்று எண்ணெய் இருந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது; அது பெரிய வேலை. வெள்ளையாக வெளிறியிருந்தால் காற்றுக் கூடுதல் அல்லது சூடு கூடுதல். எந்தச் சிலிண்டரில் இருந்து எந்தப் பிளக் வந்தது என்று வரிசையாக வைக்கச் சொல்லுங்க. கலந்துவிட்டால் அந்தச் சேதி போய்விடும்.

மாற்றிப் பாருங்க, வாங்காதீங்க

எங்கள் பேச்சில் ஒரே ஒரு விசயத்தைத்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வையுங்க.

எந்தச் சிலிண்டர் படுத்திருக்கிறது என்று தெரிந்ததும், அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரில் போட்டு, பக்கத்துப் பிளக்கை இதில் போடச் சொல்லுங்க. கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. இடம் மாறாவிட்டால் பிளக் நல்லது. தனித்தனிக் கொயில் உள்ள வண்டியென்றால் அடுத்ததாக கொயிலையும் இதே மாதிரி மாற்றிப் பார்க்கலாம். இதற்கு ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை. கொஞ்ச நேரக் கூலி மட்டும்தான்.

கம்பியூட்டர் உள்ள வண்டியை ஸ்கேன் பண்ணினால் ஒரு இலக்கம் காட்டும். பி 0301 என்றால் முதலாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, பி 0302 என்றால் இரண்டாவது, பி 0300 என்றால் பல சிலிண்டரில் மாறி மாறி. அந்த இலக்கம் இடத்தைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. "ஸ்கேனில் 0302 வந்தது, ஆகவே கொயில் வாங்கு" என்று யாராவது சொன்னால், "மாற்றிப் பார்த்தீங்களா அண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்க. நல்ல பாஸ் கோபிக்க மாட்டார். கழற்றிய பழைய சாமானையும், எழுதிய பில்லையும் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

பிளக், கொயில், பெற்றோல் எல்லாம் சரி, அப்படியும் ஒரு சிலிண்டர் எழும்பவில்லை என்றால் கொம்பிரஷன் பார்க்க வேண்டும். பழைய மாருதியில் டெப்பட் இடைவெளி பிசகினாலும் உதறும். அதை ஸ்க்ரூவால் சரி செய்யலாம். ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைந்து, சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதோடு மலை ஏறாதீங்க, எஞ்சினே போய்விடும்.

மலையும் காற்றும்

நமது பக்கத்துக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. கண்டி நகரம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 500 மீற்றர். புசல்லாவை, றம்பொடை தாண்டி நுவரெலியா போனால் சுமார் 1870 மீற்றர். அங்கே காற்று அடர்த்தி கண்டியைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டர் வண்டிக்கு அது தெரியாது. கண்டியில் ட்யூன் பண்ணின அளவிலேயே பெற்றோலை ஊற்றும். காற்றுக் குறைய, பெற்றோல் மிஞ்ச, எஞ்சின் தடுமாறும், பிளக் கறுக்கும். கம்பளையில் நன்றாக ஓடி, மேலே மட்டும் உதறினால் சாமான் மாற்ற ஓடாதீங்க. வண்டி அதிகமாக ஓடுகிற உயரத்தில் வைத்து ட்யூன் பண்ணச் சொல்லுங்க. இன்ஜெக்சன் வண்டி சென்சரை வைத்துத் தானே சரிசெய்துகொள்ளும்.

பெற்றோலும் ஒரு காரணம். 2022-ல் நாம் பட்ட பாடு மறந்திருக்காது. அந்த ஓகஸ்டில் கியூஆர் முறையில் ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று கிடைத்தது. கேனிலும் போத்தலிலும் கைமாறிய எண்ணெயில் என்ன கலந்திருந்தது என்று வாங்கியவருக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் சரியாக எரியாது. பிளக்கில் கரி கட்டும், மேட்டில் எஞ்சின் தட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று தெரியாத எண்ணெயை ஊற்றினால், மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு கராஜில் கட்ட வேண்டி வரும்.

டீசல் வேன் வைத்திருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. டீசலில் பிளக் பொறி கிடையாது. அங்கே உதறலுக்கு இன்ஜெக்டர் நொசில், டீசல் பைப்பில் புகுந்த காற்று, தண்ணீர் சேர்ந்த பில்டர், இவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட விசயம்

இதுவரை சொன்னது காசு விசயம். இனிச் சொல்வது உயிர் விசயம். தாய்மாரும் கேட்டுக்கொள்ளுங்க.

பெற்றோல் காரில் பிரேக்கை லேசாக்குகிற பூஸ்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் பலத்தில்தான் அது வேலை செய்கிறது. எஞ்சினில் இருந்து பூஸ்டருக்கு ஒரு ரப்பர் குழாய் போகிறது. அந்தக் குழாய் வெடித்தாலும், பூஸ்டரின் உள்தோல் கிழிந்தாலும் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கும். திருட்டுக் காற்று உள்ளே போய் எஞ்சின் உதறும். பிரேக்கும் கல்லு மாதிரி இறுகும். ஆகவே சில நேரம் உதறல் என்பது பிரேக் அனுப்புகிற தந்தி.

வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக்கை ஐந்தாறு தடவை அமுக்குங்க. பெடல் இறுகும். இறுகின பெடலில் காலை வைத்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்குப் பலம் போகவில்லை. இன்னொன்று, ஓடுகிற எஞ்சினில் பிரேக்கை அமுக்கும்போதெல்லாம் உதறல் மாறினால், 'உஸ்' என்று சத்தம் கேட்டால், அன்றைக்கே வண்டியைக் காட்டுங்க. ஹயர் போக வேண்டாம்.

அடுத்தது நமது சாரதிமாரின் ஒரு பழக்கம். கடுகண்ணாவையில் இறங்கும்போதும், றம்பொடையில் இருந்து இறங்கும்போதும் பெற்றோல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். எஞ்சினையே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். உதறுகிற எஞ்சின் நியூட்ரலில் எந்த நேரமும் அணைந்து போகலாம். அணைந்தால் பூஸ்டரில் மிஞ்சியிருக்கிற பலம் இரண்டு மூன்று மிதிக்குத்தான். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகும். இறக்கத்தில், வளைவில், வண்டி நிறைய ஆட்களோடு அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அதில் மிச்சமும் கிடையாது. இன்ஜெக்சன் வண்டியில் கியரில் வைத்து அக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சினை அணையாமல் வைக்கப் பெற்றோல் செலவாகும். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குங்க என்று பழைய லொறிச் சாரதிமார் சொல்வார்கள். அது இன்றைக்கும் சரி.

எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் உடனே வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்துங்க. எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் கெட்டலிற்றிக் கொன்வேட்டரில் எரியும். அது தணல் மாதிரி சூடாகும். காய்ந்த மானாப்புல்லுக்கு மேலே அப்படி வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். காற்று எங்கே போகிறது என்று பார்க்கப் பெற்றோலைத் தெளிக்கிற விளையாட்டும் வேண்டவே வேண்டாம்.

லயத்தில் இருக்கிறவங்களுக்கு: வாசலுக்கு முன்னால், தகரக் கொட்டிலுக்குள், வண்டியை நீண்ட நேரம் ஓடவிட்டுச் சோதிக்காதீங்க. புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. சரியாக எரியாத எஞ்சின் அதைக் கூடுதலாக விடும். பக்கத்து அறையில் தூங்குகிற கைப்பிள்ளைக்கு அது விசம். வண்டியை வெளியே எடுத்துச் சோதியுங்க. பொனட்டைத் திறந்தால் சேலைத் தலைப்பு, சால்வை, அவிழ்ந்த தலைமுடி எதுவும் பான் பக்கம் போகக் கூடாது. எஞ்சினை நிறுத்தின பிறகும் சில கார்களில் பான் தானாகச் சுற்றும்.

வீட்டுக்கு ஒரு கொப்பி

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கொப்பி வையுங்க. பிள்ளைகள் எழுதட்டும். உதறல் எப்போது தொடங்கியது? குளிர் எஞ்சினிலா, சூடானதிலா? மழையிலா, வெயிலிலா? ஏசி போட்டாலா? அக்சிலேட்டரை அமர்த்தினால் நிற்கிறதா, கூடுகிறதா? கடைசியாக எங்கே பெற்றோல் அடித்தது? எந்தச் சாமான், எந்தத் திகதி, என்ன விலை? இந்தக் கொப்பியோடு கராஜுக்குப் போகிற குடும்பத்தையும், "என்னமோ ஆடுது, பாருங்க" என்று போகிற குடும்பத்தையும் ஒரே மாதிரி நடத்த முடியாது.

வருசா வருசம் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை பண்ணுகிறீர்கள். கார்களின் பெற்றோல் எஞ்சினை ஐட்லிங்கிலும் வைத்துத்தான் பார்க்கிறார்கள். மிஸ் அடிக்கிற எஞ்சின் அதில் தவறிப்போகலாம். கடைசி நாளில் போய் மாட்டிக்கொள்ளாமல் ஒரு மாதம் முன்னாலேயே வண்டியைக் கேளுங்க.

வண்டி நம்ப முடியாத நிலையில் இருக்கும்போது ராத்திரியில் நோயாளி இருந்தால், கௌரவம் பார்க்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சுக்குக் கோல் எடுங்க. அது இலவசம். தோட்டப் பாதை மோசம் என்றால் மெயின் ரோட்டு வரைக்கும் மெதுவாகக் கொண்டுபோய் ஒப்படைக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இரண்டே காரியம் செய்யுங்க. பிரேக் பெடலைச் சோதியுங்க. கொப்பியில் முதல் பக்கத்தை எழுதுங்க. அதற்குக் காசு வேண்டாம், கால்மணி நேரம் போதும். எஞ்சின் பேசுவதைக் கேட்கப் பழகிவிட்டால், லீசிங் தவணையும் தவறாது, வண்டியில் போனவர்களும் வீடு வந்து சேருவார்கள்.